ஜனவரிச் சேற்றுக்கு மே மாதத்தில்தான் மருந்து

கேள்வி: இங்கிலாந்தில், லண்டனுக்குத் தெற்கே ஒரு சிறிய நான்-லீக் (நாட்டின் மேல் நான்கு பிரிவுகளுக்குக் கீழே ஆடும்) கால்பந்துக் கிளப்பின் கமிட்டியில் இருக்கிறேன். மகனை ஆடக் கூட்டிப்போன இடத்தில் நானும் மாட்டிக்கொண்டேன். எங்கள் மைதானம் களிமண். இந்த டிசம்பர், ஜனவரியில் மட்டும் நான்கு ஆட்டங்கள் தள்ளிப்போய்விட்டன. அதில் ஒன்று, எதிரணி ரசிகர்கள் பஸ்ஸில் வந்து இறங்கிய பிறகு. எங்கள் ரசிகர்களும் கொதித்துப்போய் இருக்கிறார்கள். ஒருவர் கனமான ரோலர் ஓட்டச் சொல்கிறார், இன்னொருவர் செயற்கைப் புல் போடச் சொல்கிறார். மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர் ஓய்வுபெற்ற தன்னார்வலர், திட்டெல்லாம் அவருக்குத்தான். கையில் 5,000 பவுண்டு இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் அந்த ரோலரைக் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிடுங்கள். சாவி உங்களிடமே இருக்கட்டும்.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். மைதானம் பராமரிக்கும் வேலைக்கு வந்த புதிதில், ஒரு கிளப்பில் பயிற்சியாளர் கேட்டார் என்று பிப்ரவரி ஈரத்தில் ரோலர் ஓட்டினேன். அந்தச் சனிக்கிழமை மைதானம் பில்லியர்ட்ஸ் மேசை மாதிரி இருந்தது, எல்லோரும் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அடுத்த மழையில் தண்ணீர் தாம்பாளத்தில் நிற்பதுபோல நின்றது. சீசன் முடியும்வரை அது இறங்கவில்லை.

குயவர் பானைக்கு மண்ணை எப்படித் தயார் செய்கிறார்? ஈரக் களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்து, உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் வெளியேற்றுகிறார். 22 பேர் அடியில் குமிழ் வைத்த ஸ்டட் ஷூவோடு ஒன்றரை மணி நேரம் உங்கள் மைதானத்தில் செய்வதும் அதே வேலைதான். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய இடைவெளிகள் வழியாகத்தான் தண்ணீர் இறங்கும், வேரும் இறங்கும். அவை மூடிக்கொண்டால் மேலே குளம், கீழே வறண்ட மண். ரோலர் அந்த மூடலைச் சீக்கிரமாக்கும், அவ்வளவுதான்.

சரி, உங்கள் மைதானத்தின் நோய் இதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நல்ல மழை பெய்த மறுநாள் மண்வெட்டியோடு போங்கள். கோல் வாயில் (கோல் கம்பங்களுக்கு முன்னால் உள்ள இடம்) ஒன்று, மைய வட்டத்தில் ஒன்று, யாரும் மிதிக்காத கார்னர் பக்கம் ஒன்று என 25 செ.மீ. ஆழத்துக்கு மூன்று குழி. மேலே தண்ணீர் நிற்கிறது, 10 செ.மீ.க்குக் கீழே மண் ஏறக்குறைய காய்ந்திருக்கிறது என்றால் மண் இறுகியிருக்கிறது. குழிக்குள் அடியிலிருந்தே தண்ணீர் ஊறி நிரம்பினால் வடிகால் பிரச்சினை. பழைய வடிகால் குழாய் எங்காவது அடைத்திருக்கலாம். அது வேறு வைத்தியம், வேறு செலவு. மண் கறுத்து அழுகிய முட்டை வாடை அடித்தால் காற்றே போகவில்லை என்று அர்த்தம். வேர் எத்தனை செ.மீ. போயிருக்கிறது என்றும் அளந்து பாருங்கள். இதற்குக் காசு தேவையில்லை. ஆனாலும் இதைச் செய்யாமலேயே ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் கமிட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இறுக்கம்தான் என்று வைத்துக்கொள்வோம். லண்டன் களிமண்ணில் பெரும்பாலும் அதுதான். வெர்ட்டி-டிரெய்ன் என்ற இயந்திரம் டிராக்டருக்குப் பின்னால் மாட்டப்படும். நீளமான இரும்புக் கம்பிகளை 20 முதல் 30 செ.மீ. ஆழத்துக்கு இறக்கி, லேசாக நெம்பி, மண்ணைப் பிளந்துவிடும். சொந்தமாக வாங்க வேண்டாம். ஒப்பந்தக்காரர் வந்து ஒருநாளில் முடித்துவிட்டுப் போவார், சில நூறு பவுண்டு ஆகும். மே மாதம் ஒருமுறை, செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ ஒருமுறை செய்யுங்கள். சொதசொதவென்று இருக்கும்போது மட்டும் கூப்பிடாதீர்கள். துளையின் சுவரைக் களிமண் மெழுகிவிடும், டிராக்டரின் எடை வேறு சேரும். நடுவே உள்ள மாதங்களில் கோல் வாய்க்கு ஒரு சாதாரணத் தோட்டத்து ஃபோர்க் போதும். ஆட்டம் முடிந்ததும் பெயர்ந்த புல்லை ஃபோர்க்கால் தூக்கி மட்டப்படுத்திவிட்டு, ஓரடி தூரத்துக்கு ஒரு குத்து, சின்ன நெம்பல்.

ஆனால் உண்மையான வேலை மே மாதத்தில்தான் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் சீசன் முடியும், ஜூலையில் நட்பு ஆட்டங்கள் தொடங்கிவிடும். நடுவில் கிடைப்பது எட்டு, பத்து வாரம். அந்த வாரங்களில் செத்த புல்லை வாரியெடுத்து, துளை போட்டு, மணல் விரித்து, விதைத்து, உரமிட வேண்டும். உங்கள் மைதானம் சுமார் 7,000 சதுர மீட்டர் என்றால் கணக்கு இப்படி வரும். மணல் 60 டன்: குவித்தால் மலை மாதிரி இருக்கும், விரித்தால் அரை செ.மீ.தான். விதை, சதுர மீட்டருக்கு 35 கிராம் வீதம் 245 கிலோ. ரை கிராஸ் என்ற புல் வகையை மட்டும் போடுங்கள். மிதியைத் தாங்கி வேகமாக வளர்வது அதுதான். உங்கள் 5,000 பவுண்டில் மணலே பாதியை விழுங்கும், விதை ஆயிரம் பவுண்டு அளவில் வரும், மீதி துளைக்கும் உரத்துக்கும். ஒன்று கவனியுங்கள்: கட்டட மணல் மலிவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விளையாட்டுத் தரைக்கென்றே கழுவிச் சலித்த சிலிக்கா மணல் வேண்டும். தொடங்கினால் ஆண்டுதோறும் போட வேண்டும். ஒரு வருடம் போட்டு விட்டுவிட்டால் களிமண்ணுக்கு மேலே மணல் தனி அடுக்காகப் படிந்து, இருப்பதையும் கெடுக்கும்.

தண்ணீர் பலர் மறக்கும் செலவு. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மி.மீ. என்பது ஒரு லிட்டர். மே, ஜூனில் மழை ஏமாற்றி, 25 மி.மீ. நீங்கள் கொடுக்க வேண்டி வந்தால் 1,75,000 லிட்டர். வீட்டுக் குழாயில் மாட்டிய ஹோஸை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. அதனால் விதைக்கும் தேதியை வானிலை பார்த்து முடிவு செய்யுங்கள். இன்னொன்று, அந்த எட்டு வாரத்தில் சிறுவர் போட்டிக்கு மைதானத்தை வாடகைக்கு விட்டுக் காசு பார்க்கும் ஆசை கமிட்டியில் யாருக்காவது கட்டாயம் வரும். முளைத்த நெல் நாற்றில் மாட்டை ஓட்டுவது போலத்தான் அது.

ஜனவரியில் கோல் வாயில் விதை தூவுவதும் வீண். மண்ணின் வெப்பம் எட்டு, பத்து டிகிரி வந்தால்தான் ரை கிராஸ் ஒழுங்காக முளைக்கும். பறவைகளுக்கு நல்ல சாப்பாடு.

அப்புறம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அந்தப் புல்லில் ஆடுகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சுமாரான களிமண் மைதானம் மூன்று மணி நேரம் தாங்கும், நன்றாகப் பராமரித்தது ஆறு வரை. முதல் அணி, ரிசர்வ் அணி, பெண்கள் அணி, வியாழக்கிழமைப் பயிற்சி எல்லாம் ஒரே புல்லில் என்றால் எந்த மணலும் காப்பாற்றாது. பயிற்சியை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். ஆட்டத்துக்கு முன் கோல்கீப்பர் அரை மணி நேரம் ஒரே கோல் வாயில் விழுந்து புரளுவதை நிறுத்தி, ஓரத்தில் நகர்த்தும் கோல் ஒன்றை வையுங்கள். துணை நடுவர் ஓடும் பக்கக் கோடு தேய்ந்துபோயிருந்தால், நடுவரிடம் மரியாதையாகக் கேட்டால் தான் களத்தின் குறுக்கே ஓடும் மூலைவிட்டத்தை மாற்றி ஓடுவார், துணை நடுவரும் இடம் மாறுவார். கோட்டின் மறுபாதிக்கு வேலை போகும். இதெல்லாம் சல்லிக்காசு இல்லாத வேலை.

பனிக்கு விரிப்பு வாங்கலாம், ஆனால் அது உறைபனிக்குத்தான். ஏற்கெனவே ஊறிய தரையை அது காயவைக்காது. உறைந்த புல்லில் யாரையும் நடக்க விடாதீர்கள், கால் தடம் வாரக்கணக்கில் கறுப்பாக நிற்கும்.

செயற்கைப் புல்லைப் பற்றி. 3ஜி எனப்படும் இன்றைய செயற்கைப் புல் தரை மோசமில்லை. மெய்ட்ஸ்டோன் யுனைடெட் என்ற நான்-லீக் கிளப் 2012-இல் புது மைதானத்தைத் திறந்தபோதே அதைத்தான் போட்டார்கள். வாரம் முழுவதும் ஊர்ப் பிள்ளைகள் ஆடலாம், வாடகை வரும், ஆட்டம் தள்ளிப்போவது அரிது. ஆனால் பல லட்சம் பவுண்டு, அதற்கு மேல் பத்து வருடத்துக்கு ஒருமுறை விரிப்பை மாற்றும் செலவு. அந்தப் பணத்தை இப்போதே ஒதுக்கத் தொடங்காத கிளப் அதைத் தொடக்கூடாது என்பது என் கட்சி. மேலே ஏறினாலும் சிக்கல் உண்டு: பிரீமியர் லீக்குக்கு அடுத்த மூன்று பிரிவுகளை நடத்தும் இங்கிலீஷ் ஃபுட்பால் லீக் செயற்கைத் தரையை ஏற்பதில்லை. ஹாரோகேட் டவுன் 2020-இலும், சட்டன் யுனைடெட் 2021-இலும் அதன் கடைசிப் பிரிவான லீக் டூவுக்கு ஏறியபோது தங்கள் தரையைப் பெயர்த்துவிட்டுப் புல் போட வேண்டியிருந்தது. உங்கள் படிநிலையில் அது தொலைதூரக் கவலை. பணம்தான் பக்கத்துக் கவலை. அதற்கு, உள்ளூர்க் கால்பந்து மைதானங்களுக்கு நிதி தரும் அமைப்பான ஃபுட்பால் ஃபவுண்டேஷனைக் கேளுங்கள். அவர்களுடைய பிட்ச்பவர் செயலியில் மைதானத்தை நீங்களே அளந்து படம் பிடித்து அனுப்பினால் நிபுணர் அறிக்கை வரும். உங்கள் கிளப்புக்கு எந்த நிதி பொருந்தும் என்பதையும் அவர்களிடமே விசாரியுங்கள்.

இனி ரசிகர்கள். அவர்கள் கோபத்தில் பாதி தொலைக்காட்சி செய்த வேலை. பிரீமியர் லீக்கில் பார்ப்பது தரைக்கடியில் சூடாக்கும் குழாய், இயற்கைப் புல்லோடு பின்னிய செயற்கை இழை, குளிர்காலத்தில் புல்லுக்கு வெயில் கொடுக்க விளக்கு வண்டிகள், முழுநேரப் பணியாளர்கள். உங்களிடம் இருப்பது ஒரு பெரியவர், ஒரு புல்வெட்டி. இதை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நான்-லீக்கின் புகழ்பெற்ற கோல் சேற்றில்தான் பிறந்தது. 1972 பிப்ரவரி 5 அன்று, மழையால் பலமுறை தள்ளிப்போன எஃப்.ஏ. கோப்பை (பெரிய அணிகளும் சிறிய அணிகளும் மோதும் போட்டி) ஆட்டத்தில், ஹியர்ஃபோர்டின் ரோனி ராட்ஃபோர்ட் முதல் பிரிவு அணியான நியூகாசிலுக்கு எதிராகத் தூரத்திலிருந்து அடித்தாரே, அந்த மைதானம் இன்றைய கண்ணுக்கு உழுத வயல். இன்னொரு நான்-லீக் அணியான இயோவில் டவுன் 1949-இல் அதே கோப்பையில் முதல் பிரிவு அணியான சண்டர்லேண்டை 2-1 என்று வென்றது பக்கவாட்டில் சரிந்த களத்தில். அந்தச் சரிவு எங்கள் பலம் என்று அவர்கள் ரசிகர்கள் பெருமையடித்தார்கள். ஆக, மோசமான தரையை ரசிகர்கள் மன்னிப்பார்கள். மன்னிக்காதது, பஸ் வந்து இறங்கிய பிறகு சொல்வதை.

ஆட்டத்துக்கு முந்தைய மாலையே நிலைமையைச் சொல்லுங்கள்: இன்று இவ்வளவு மழை, நாளைக் காலை பார்வையிடுகிறோம், நடப்பது சந்தேகம். சந்தேகம் இருந்தால் காலை எட்டு மணிக்கு உள்ளூர் நடுவர் ஒருவரை வரவழையுங்கள். எதிரணி பஸ் கிளம்பும் முன் முடிவு தெரிய வேண்டும். அவர் சரியென்று சொன்னாலும் அன்றைய இறுதி முடிவு ஆட்ட நடுவருடையது, அதையும் எழுதுங்கள். கூடவே படம் போடுங்கள். வெறும் புல் படம் வேண்டாம், மேலே பச்சையாகத்தான் தெரியும். கால் வைத்து அழுத்தினால் சுற்றிலும் தண்ணீர் பொங்கும் படம் போடுங்கள். ஊறிய தரையில் ஒரு ஆட்டம் ஆடினால் அதற்குப் பிறகு ஐந்து ஆட்டம் போகும் என்று ஒரு வரி சேர்த்தால், பாதிப் பேர் உங்கள் பக்கம்.

மீதிப் பேரை மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை வரச் சொல்லுங்கள். ஆளுக்கொரு ஃபோர்க், ஒரு வாளி மணல், மதியம் சாப்பாடு. அதிகம் கத்துபவருக்குக் கோல் வாயைக் கொடுங்கள். அரை மணி நேரம் குத்திப் பார்த்தவர் பிறகு அந்தப் பெரியவரைத் திட்டி நான் பார்த்ததில்லை. அந்தப் பெரியவருக்கும் கமிட்டியிலிருந்து ஒருவர் துணைக்கு நிற்கட்டும், டீசல் காசை அவர் கைப்பையிலிருந்து எடுக்க விடாதீர்கள்.

அடுத்த மழைக்கு மறுநாள் அந்த மூன்று குழிகளையும் தோண்டுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். மணல் வாங்குவதை அதைப் பார்த்த பிறகு பேசலாம்.