பீப்பாயில் இல்லாத பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உலகமயமாக்கல் மருந்துத் துறையைப் பாழாக்குகிறது என்ற தொனியில் எழுதியிருந்தீர்கள். நான் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்பவன். ஒரு ஷிப்மென்ட் தரமில்லை என்றால் பையர் கிளெய்ம் போடுவார், அடுத்த ஆர்டர் வராது. அந்தப் பயம்தான் எங்களை ஒழுங்காக வைத்திருக்கிறது. மருந்துக்கும் அது போதாதா? பெயர் கெட்டால் தொழில் போய்விடுமே. என் அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை இவ்வளவு மலிவாகக் கிடைப்பதே உலக வியாபாரத்தால்தானே?

ஆர்.கே., திருப்பூர்

அன்புள்ள ஆர்.கே.,

மலிவைப் பற்றி நீங்கள் சொல்வதை முழுமனதோடு ஏற்கிறேன். 2001 பிப்ரவரியில் இந்திய மருந்துக் கம்பெனியான சிப்லாவின் தலைவர் யூசுப் ஹமீது, எய்ட்ஸுக்கான மூன்று மருந்துகளையும் சேர்த்து ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பிடம் சொன்னார். மேற்கத்தியக் கம்பெனிகள் அதற்கு 10,000 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஆப்பிரிக்காவில் எத்தனையோ பேர் இன்று உயிரோடு இருப்பதற்கு அந்த விலை ஒரு முக்கியமான காரணம். ஆனால் அந்த விலையைச் சந்தை மட்டும் கொண்டுவந்துவிடவில்லை. மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு என்று 1970இல் நாம் போட்ட சட்டம் அதற்குப் பின்னால் இருந்தது. அதனால்தான் அதே மருந்தை வேறு முறையில் நம் கம்பெனிகள் செய்ய முடிந்தது.

இனி உங்கள் கேள்வி. பெயர் கெடும் என்ற பயம் வேலை செய்ய வேண்டுமானால், யார் பெயர் என்பது முதலில் தெரிய வேண்டும். பனாமாவில் நடந்ததைப் பாருங்கள்.

2006இல் அந்த நாட்டு மருத்துவமனைகளுக்குச் சிறுநீர் பிரியாமல், கைகால் செயலிழந்து நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். மருத்துவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, நரம்பு நோயோ என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். அமெரிக்காவுக்கு மாதிரிகளை அனுப்பிச் சோதித்த பிறகே காரணம் தெரிந்தது. அரசு ஆய்வகமே தயாரித்துக் கொடுத்த இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைகால் இருந்தது. பிரேக் ஆயில் போன்றவற்றில் சேர்க்கும் தொழிற்சாலை ரசாயனம் அது. சிரப்பில் மருந்தைக் கரைக்கச் சேர்க்கும் கிளிசரின் போலவே பார்க்க இருக்கும், இனிக்கவும் செய்யும், விலையும் குறைவு. குடித்தால் சிறுநீரகம் போய்விடும்.

அது வந்த வழி இதுதான். சீனாவில் ஒரு தொழிற்சாலை, பெய்ஜிங்கில் ஒரு வணிக நிறுவனம், பார்சிலோனாவில் ஒரு இடைத்தரகர், கடைசியில் பனாமாவில் ஒரு இறக்குமதியாளர். மொத்தம் 46 பீப்பாய்கள். 99.5 சதவீதம் தூய கிளிசரின் என்ற சான்றிதழும் கூடவே வந்தது. கைமாறும்போது சான்றிதழில் தயாரித்தவரின் பெயர் போய் விற்பவரின் பெயர் ஏறியது. வழியில் ஒருவரும் பீப்பாயைத் திறந்து சோதிக்கவில்லை. தனக்கு முந்தியவர் பார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அந்த சிரப் பாட்டிலைக் கையில் வைத்திருந்த நோயாளி யாருடைய பெயரைக் கெடுத்திருக்க முடியும், சொல்லுங்கள்?

உங்கள் பையர் பனியனின் தையலை இழுத்துப் பார்க்கலாம், துவைத்துப் பார்க்கலாம். இரவு இரண்டு மணிக்கு இருமும் பிள்ளைக்கு ஒரு மூடி சிரப் ஊற்றும் தாயால் எதைச் சோதிக்க முடியும்?

தூரதேசத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2025இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா பகுதியில் ‘கோல்ட்ரிஃப்’ சிரப் குடித்த குழந்தைகள், 20 பேருக்குக் குறையாமல், சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு அரசு ஆய்வகம் சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் அதே டைஎத்திலீன் கிளைகால். ஏறக்குறைய பாதி பாட்டில் விஷம். எழுதவே கை கூசுகிறது.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. 2022இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் 70 குழந்தைகள் வரை இறந்ததையும் இந்திய சிரப்புகளையும் தொடர்புபடுத்தி உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. அந்தத் தொடர்பை இந்தியா ஏற்கவில்லை. ஆனாலும் ஏற்றுமதியாகும் இருமல் சிரப்பை அரசு அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதித்த பிறகே அனுப்ப வேண்டும் என்று 2023 ஜூன் 1 முதல் விதி வந்தது. நல்ல விதிதான். ஆனால் அது ஏற்றுமதிக்கு மட்டும். சிந்த்வாராவுக்குப் போன பாட்டில் எந்த நாட்டு எல்லையையும் தாண்டவில்லை, அதனால் அந்த விதி அதைத் தொடவே இல்லை. வெளிநாட்டுச் சந்தையில் பெயர் கெடும் என்ற பயம் துறைமுகம் வரைக்கும்தான் காவல் காத்தது. நீங்கள் நம்பும் அந்தப் பயத்தின் எல்லை அவ்வளவுதான்.

உலக வியாபாரத்தை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால் உங்கள் அம்மாவின் மாத்திரையும் நின்றுவிடும். ஏற்றுமதிக்கு உள்ள சோதனை உள்நாட்டு சிரப்புக்கும் கட்டாயமாக வேண்டும் என்கிறேன். கிளிசரின் போன்ற கரைப்பானைத் தயாரித்தவரின் பெயர் எத்தனை கை மாறினாலும் பீப்பாயோடு வர வேண்டும், சிரப் தயாரிப்பவர் ஒவ்வொரு பீப்பாயையும் திறந்து சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும். பெரிய செலவில்லாத சோதனைகள் இருக்கின்றன. நூல் எந்த மில்லுடையது, சாயம் எந்தப் பட்டறையில் போட்டது என்று வெளிநாட்டு பையர் கேட்டால் நீங்கள் பில்லோடு எடுத்துக் காட்டத்தானே செய்கிறீர்கள்? அதையே மருந்துக் கம்பெனிகளிடமும் கேட்கச் சொல்லி அரசை வற்புறுத்த உங்களைப் போன்ற ஏற்றுமதியாளர்களும் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டும்.