பேஸ்பால்ல சேவ் எண்ணிக்கைய மட்டும் பாத்து ரிலீவர எடை போடாதீங்க

கேள்வி: ரெண்டு ரிலீவர்ங்க, அதாவது ஆட்டத்துக்கு நடுவுல மாத்தா வந்து பந்து எறியறவங்க: ஜான் ஃபிராங்கோ 424 சேவ் (டீம் லீட்ல இருக்கற மேட்ச கடைசில வந்து காப்பாத்தி முடிக்கறது), பில்லி வாக்னர் 422. ரெண்டு பேரும் இடது கை, ரெண்டு பேரும் மெட்ஸ் டீமுக்கு ஆடினவங்க. வாக்னர் 2025-ல ஹால் ஆஃப் ஃபேம் (ஓட்டு போட்டு ஜாம்பவான்கள சேர்க்கற கௌரவப் பட்டியல்) போயிட்டாரு, ஃபிராங்கோவுக்கு 2011-ல 5% ஓட்டு கூட வரல. ரிட்டயர் ஆன ரிலீவரோட நம்பர்ஸ எப்படித்தாங்க படிக்கிறது?

பதில்: சேவ கொஞ்ச நேரம் ஓரமா வைங்க. மூணு ரன் லீடோட கடைசி இன்னிங்ஸ்ல (மூணு அவுட் எடுத்தா ஒரு இன்னிங்ஸ்) உள்ள வந்து, ரெண்டு ரன்ன குடுத்துட்டு தட்டுத்தடுமாறி முடிச்சாலும் சேவ்தான், மூணு பேரயும் வரிசையா ஸ்ட்ரைக் அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல பேட்டர அவுட்டாக்கறது) பண்ணாலும் அதே ஒரு சேவ்தான். டீம் லீட் எடுத்துக் குடுக்கணும், மேனேஜரும் வருஷக்கணக்கா இவரயே கூப்பிடணும், அப்பதான் அந்த நம்பர் ஏறும்.

அதனால நான் மொதல்ல பாக்கறது விப், அதாவது ஒரு இன்னிங்ஸுக்கு எத்தன பேர ஹிட்லயும் வாக்லயும் (நாலு தப்பான பந்துக்கு ஃப்ரீயா பேஸ் குடுக்கறது) பேஸுக்கு விட்டாருன்னு, கம்மியா இருந்தா நல்லது. வாக்னருக்கு 0.998, ஃபிராங்கோவுக்கு 1.33. அடுத்து ஸ்ட்ரைக் அவுட்: வாக்னர் 903 இன்னிங்ஸ்ல 1,196, ஃபிராங்கோ 1,245 இன்னிங்ஸ்ல 975 தான். இங்கயே கத முடிஞ்சுது. இ.ஆர்.ஏ-வும் (ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியா எத்தன ரன் குடுத்தாருன்னு, ஃபீல்டர் தப்பால வந்தது சேராது) வாக்னருக்கு 2.31, ஃபிராங்கோவுக்கு 2.89. இத்தனைக்கும் வாக்னர் பொறப்புல வலது கைக்காரரு, சின்ன வயசுல அந்தக் கை உடைஞ்சதால இடது கையில எறியப் பழகினவரு, அந்தக் கையிலதான் 100 மைல் வேகம்!

ஆனா வாக்னர் கேஸும் சுலபமா ஜெயிக்கல. 2016-ல 10.5% ஓட்டுதான், 2024-ல அஞ்சு ஓட்டுல தவறிப்போச்சு, பத்தாவது வருஷம், அதாவது கடைசி சான்ஸ்லதான் 82.5% வாங்கினாரு. 903 இன்னிங்ஸ் ரொம்பக் கம்மிங்கறது ஒரு பெரிய வாதம், அது நியாயமும்தான். பிளேஆஃப்ல இ.ஆர்.ஏ 10.03 வேற, பன்னெண்டு இன்னிங்ஸ் கூட வராதுன்னாலும் எனக்கு அது இன்னும் உறுத்துது. மறுபக்கம் கடைசி சீசன் 2010-ல பிரேவ்ஸ் டீமுக்கு இ.ஆர்.ஏ 1.43, 104 ஸ்ட்ரைக் அவுட், ஓஞ்சுபோய் ரிட்டயர் ஆனவரு இல்ல.

ஃபிராங்கோவ மட்டம்னு சொல்லல, 1984-ல ஆரம்பிச்சு 2005 வரைக்கும் தாக்குப்பிடிக்கறது சாதாரணமா என்ன. நீங்களே செஞ்சு பாக்கணும்னா இன்னொரு ரிலீவர் ஃபிரான்சிஸ்கோ ரோட்ரிகஸ எடுங்க: 437 சேவ், 2008-ல மட்டும் 62, அது இன்னிக்கும் ஒரு சீசன் ரெக்கார்டு, இ.ஆர்.ஏ 2.86. விப்ல ஆரம்பிச்சு ஸ்ட்ரைக் அவுட், இன்னிங்ஸ், பிளேஆஃப்னு பாத்துட்டு கடைசியா சேவுக்கு வாங்க.