ஜஸ்ட் இன் டைம்: ஸ்டாக் எவ்வளவு, கார்டு எத்தனை? (கேள்வி பதில்)

கேள்வி: ஜஸ்ட் இன் டைம் (ஜேஐடி), அதாவது வேண்டியதை வேண்டியபோது வேண்டிய அளவே செய்வது, என்று சொல்லி மூன்று மாதத்தில் ஸ்டாக்கைப் பாதியாக்க மேலிடத்தில் கெடு. எங்கிருந்து தொடங்குவது சார்?

பதில்: கெடுவை ஸ்டாக்குக்கு வைக்காமல் செட்டப் நேரத்துக்கு, அதாவது மெஷினை ஒரு பாகத்திலிருந்து அடுத்த பாகத்துக்கு மாற்றும் நேரத்துக்கு, வைக்கச் சொல்லுங்கள். ஒரே பிரஸ்ஸில் 8 பாகங்கள் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு ஷிப்டுக்கு 960 நிமிடம். அன்றாடத் தேவையை ஓட்டி முடிக்க 840 நிமிடம் போனால், செட்டப்புக்கு மிஞ்சுவது 120. ஒரு செட்டப்புக்கு 60 நிமிடம் ஆகிறதென்றால் நாளுக்கு இரண்டு மாற்றம்தான். எட்டுப் பாகமும் ஒரு சுற்று வர 4 நாள். அதுவரை லைன் ஓட ஒவ்வொரு பாகத்திலும் சுமார் 4 நாள் சரக்கு இருந்தே தீர வேண்டும். இதில் யார் கையெழுத்துப் போட்டு ஸ்டாக்கைக் குறைத்தாலும் லைன் நிற்கும். செட்டப் 10 நிமிடமானால் எட்டு மாற்றத்துக்கு 80 நிமிடம் போதும், எட்டுப் பாகமும் தினமும் ஓடும். மிச்சம் 40 நிமிடம் மெஷின் ரிப்பேருக்கு. ஸ்டாக் தன்னால் இறங்கும்.

கேள்வி: 60 நிமிடத்தை 10 ஆக்குவது நடக்கிற காரியமா?

பதில்: டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ் ஒன்றுக்கு 4 மணி நேரம் பிடித்த செட்டப்பை ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ முதலில் 90 நிமிடத்துக்கும், பிறகு 3 நிமிடத்துக்கும் கொண்டுவந்தார். வழி இதுதான். முழு செட்டப்பையும் வீடியோ எடுங்கள். மெஷின் நின்றால்தான் செய்ய முடிகிற வேலை எது, ஓடும்போதே முடித்து வைக்கக்கூடியது எது என்று பிரியுங்கள். டை (பாகத்துக்கு உருவம் தரும் அச்சு) தேடுவது, ஸ்பேனர் எடுத்துவரப் போவது, கிரேனுக்குக் காத்திருப்பது எல்லாம் இரண்டாவது வகை. நேரத்தில் பெரும் பங்கு பெரும்பாலும் அங்கேதான் ஒழுகும். அடுத்து, எல்லா டைகளுக்கும் அடியில் பிளேட் கொடுத்து உயரத்தை ஒன்றாக்குங்கள். போல்ட்டுக்குப் பதில் கிளாம்ப், கண்ணளவுக்குப் பதில் டையைச் சரியான இடத்தில் உட்காரவைக்கும் லொகேட்டிங் பின். கடைசியில் மாட்டிக்கொள்வது முதல் பீஸ் ஓகே, அதாவது முதல் பாகம் சரியா என்று பார்ப்பது: இன்ஸ்பெக்டர் வரும்வரை மெஷின் சும்மா நிற்கும். அதையும் செட்டப் நேரத்தில் சேர்த்தே எண்ணுங்கள்.

கேள்வி: கான்பான் கார்டு எத்தனை போடுவது? சூத்திரப்படி போட்டும் லைன் நிற்கிறது.

பதில்: கான்பான் கார்டு டிரேயோடு போகும் சீட்டு; லைனில் டிரேயை எடுத்ததும் அது திரும்பிப் போய் இன்னொரு டிரே செய்யச் சொல்லும். ஒரு மணி நேரத் தேவையை லீட் டைமால் (கார்டு திரும்பியதிலிருந்து சரக்கு லைனுக்கு வரும்வரை ஆகும் நேரம்) பெருக்கி, பாதுகாப்புக்கு 10 சதவீதம் சேர்த்து, டிரே கொள்ளளவால் வகுக்க வேண்டும். சூத்திரத்தில் குறையில்லை, லீட் டைமைத்தான் குறைத்துப் போட்டிருப்பீர்கள்.

மணிக்கு 60 பாகம், டிரேக்கு 20 என்போம். கார்டு பெட்டியில் காத்திருப்பது 1 மணி, மெஷின் வரிசையில் 1.5, ஓட்டமும் சோதனையும் 1, லைனுக்கு வந்து சேர 0.5. ஆக 4 மணி. 60 × 4 = 240, பாதுகாப்போடு 264; இருபதால் வகுத்தால் 13.2, அதாவது 14 கார்டு. பலர் ஓட்டத்தையும் போக்குவரத்தையும் மட்டும் எடுத்து 1.5 மணி என்று போட்டு 5 கார்டோடு நிறுத்திவிடுவார்கள். 5 டிரே என்பது 100 பாகம். ஒரு மணி 40 நிமிடத்தில் தீர்ந்துவிடும். முதல் டிரே திரும்பி வருவதற்குள் லைன் காலி.

14-இல் தொடங்கி, சிக்கலில்லாமல் ஓடினால் ஒரு கார்டை எடுங்கள். எங்கே இடிக்கிறதோ அதைச் சரிசெய்த பிறகே அடுத்த கார்டை எடுங்கள்.

கேள்வி: கார்டு தொலைந்தால்?

பதில்: ஒரு டிரே குறையும். ஆனால் பயந்துபோய் யாராவது டூப்ளிகேட் போட, பழையதும் கிடைத்துவிட்டால் ஒரு டிரே கூடும். வரிசை எண் போட்டு ஷிப்டுக்கு ஒருமுறை எண்ணுங்கள்.

கேள்வி: அசெம்பிளியில் மாதக் கடைசியில் மட்டும் ஆர்டர் குவிகிறது. கான்பான் தாங்குமா?

பதில்: தாங்காது. பத்து சதவீத ஏற்ற இறக்கம் வரை கார்டே சமாளிக்கும், அதற்கு மேல் போனால் திட்டத்தைச் சமப்படுத்த வேண்டும்: மாதக் கடைசி வேலையை மாதம் முழுக்கப் பரப்புங்கள், ஒரு நாளுக்குள்ளும் கலந்து ஓட்டுங்கள். நாளுக்கு ஏ 480, பி 240, சி 240 என்றால் காலையில் ஏ முழுவதையும் முடிக்காமல் ஏ-பி-ஏ-சி என்று கலந்து விடுங்கள். மொத்தமாக ஓட்டினால் சி-யின் பாகம் செய்பவர் காலையில் சும்மா இருந்து மாலையில் திணறுவார். அந்தத் திணறலுக்குப் பயந்தே அவர் ஸ்டாக் கட்டுவார்.

கேள்வி: வெண்டார் எங்கள் கேட் பக்கத்திலேயே குடோன் எடுத்து, கேட்டபோது தருகிறார். இது ஜேஐடிதானே?

பதில்: ஸ்டாக் கைமாறியிருக்கிறது, அவ்வளவே. குடோன் வாடகையும் வட்டியும் விலையில் ஏறி உங்களிடமே வரும். தூரம்தான் பிரச்சினை என்றால், ஒரே வழியிலுள்ள நான்கைந்து சப்ளையர்களிடம் ஒரு லாரி நேரம் குறித்துச் சென்று கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வரட்டும். அங்கே லாரி எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதையும் எழுதி வையுங்கள். ஒருவர் தாமதித்தால் மற்ற எல்லாச் சரக்கும் தாமதம்.

கேள்வி: தீ, நிலநடுக்கம் வந்தால் கதி என்ன?

பதில்: 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானின் கரியாவில் பாகங்கள் செய்யும் ஐசின் நிறுவனத்தின் ஆலையில் தீப்பிடித்தது. டொயோட்டாவுக்கு வேண்டிய, பின்சக்கர பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பி-வால்வு ஏறக்குறைய முழுதும் அங்கேதான் தயாரானது. கையிருப்பு சில மணி நேரத்துக்கே இருந்ததால் கார் லைன்கள் நின்றன. மற்ற சப்ளையர்கள் அவசரமாக அந்த வால்வைச் செய்து கொடுத்ததில் சுமார் ஒரு வாரத்தில் மீண்டன. வால்வு என்பதால் அப்படிச் செய்ய முடிந்தது. சிப்பை அப்படி வேறொருவர் உடனே செய்ய முடியாது. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு சிப் சப்ளையர்களை 2 முதல் 6 மாதச் சரக்கு வைக்கச் சொன்னதும் அதே டொயோட்டாதான். ஆகவே பாகவாரியாகக் கேளுங்கள்: இவர் நின்றால் இன்னொருவர் செய்யத் தொடங்க எத்தனை நாள்? அந்த நாள்களுக்குச் சரக்கு வையுங்கள், அல்லது இரண்டாவது சப்ளையரிடம் டையை இப்போதே கொடுத்து வையுங்கள்.

கேள்வி: நட், வாஷருக்கும் கார்டு போடலாமா?

பதில்: வேண்டாம். இரண்டு பெட்டி போதும். ஒன்று காலியானால் அந்தப் பெட்டியே ஆர்டர். அது நிரம்பி வரும்வரை இரண்டாவது தாங்கும்படி அளவு வையுங்கள்.