வாசகர் கேள்விகள்: தாப்ரபேனும் தீவு நூல்களும்

கேள்வி: பழைய ஐரோப்பிய வரைபடங்களில் வரும் ‘தாப்ரபேன்’ இலங்கையா, சுமத்ராவா?

பதில்: இரண்டும்தான், எந்த வரைபடம் என்று பார்க்க வேண்டும். பண்டைய கிரேக்கப் புவியியலாளர் தாலமியின் ‘புவியியல்’ நூல் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லத்தீனுக்கு வந்தது. அதில் தாப்ரபேன் இலங்கை. ஆனால் பல மடங்கு ஊதிப்போய், நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே நீள்கிறது. உண்மையான இலங்கை வடக்கே 6 பாகைக்கு அருகிலேயே முடிந்துவிடும். நிலநடுக்கோடு ஊடறுத்துச் செல்லும் பெரிய தீவு சுமத்ரா. அங்கே போய்வந்த வெனிஸ் வணிகர் நிக்கோலோ தெ கோந்தியும் அதைத்தான் தாப்ரபேன் என்றார். பிறகு குழப்பத்துக்குக் கேட்க வேண்டுமா? ஜெர்மானியப் புவியியலாளர் செபாஸ்டியன் மூன்ஸ்டர் 1540-இல் வெளியிட்ட ஆசியப் படத்தில் இலங்கை ‘ஸைலோன்’ என்று தனியாக இருக்கிறது. தாப்ரபேன் கிழக்கே நகர்ந்துவிட்டது. ஆக, முதலில் ‘ஸைலோன்’ போன்ற பெயர் தனியாக உண்டா என்று தேடுங்கள். இருந்தால் தாப்ரபேன் பெரும்பாலும் சுமத்ரா.

கேள்வி: தீவு மக்களைப் பற்றி எழுதியவர்கள் அவர்களை நேரில் பார்த்தார்களா?

பதில்: கிறிஸ்தோபோரோ புவோந்தெல்மோந்தி பார்த்தார். பிளாரன்ஸைச் சேர்ந்த இந்தப் பாதிரியார் கிரேக்கத்தை ஒட்டிய ஏஜியன் கடல் தீவுகளில் சுற்றித் திரிந்து, 1420 வாக்கில் தம் தீவு நூலை, அதாவது தீவுதீவாகப் படமும் விவரிப்பும் தரும் நூலை, எழுதினார். தீவின் சுற்றளவு, துறைமுகம், பழைய புராணம், இடிபாடு, இன்றைய நிலை என்று போகும் விவரிப்பு முறையைப் பின்வந்தவர்களும் கைக்கொண்டார்கள். நேரில் போவதை எல்லோரும் கைக்கொள்ளவில்லை.

பெனெதெத்தோ போர்தோனே 1528-இல் வெனிஸில் வெளியிட்ட தீவு நூலில் ஜப்பான் ‘சிப்பாங்கு’ என்று வருகிறது. போர்த்துக்கீசியர் அங்கே கால்வைக்க இன்னும் 15 ஆண்டுகள் இருந்தன. அப்போது ஐரோப்பியர் கையிலிருந்தது மார்கோ போலோவின் பொற்கூரை அரண்மனைக் கதை. போலோவும் ஜப்பானுக்குப் போனவரல்ல. அந்தமான் தீவினருக்கு நாய்த்தலை வைத்தவரும் அவரே. போர்தோனேயின் அதே நூலில் ஏரி நடுவே இருந்த மெக்சிகோவின் தெனோச்தித்லான் நகரும் ஒரு தீவாக, கோயில்களோடு இடம்பெறுகிறது. அதற்கு மூலம் 1524-இல் நியூரம்பர்க்கில் அச்சான படம். நகரமோ 1521-லேயே ஸ்பானியர் முற்றுகையில் நாசமாகிவிட்டது. அச்சான ஆண்டை வைத்து ‘அந்த ஆண்டின் நிலவரம்’ என்று முடிவுகட்டுவது இங்கேதான் ஏமாற்றும்.

கேள்வி: 1485-ஐ ஒட்டி அச்சான தீவு நூலின் படங்களில் ஊர்ப்பெயர்கள் கையால் எழுதப்பட்டிருக்கின்றனவே, போலியா?

பதில்: அதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. அந்த நூலை எழுதிய பார்தொலொமேயோ தல்லி சொனேத்தியின் மரச்செதுக்குப் படங்கள் ஊர்ப்பெயர் இல்லாமலே அச்சாயின; பெயர்கள் பக்கத்திலிருந்த சானெட் (பதினான்கு வரிப்) பாடல்களில் இருந்தன. நூலை வைத்திருந்தவர்கள் பிறகு படத்தில் எழுதிக்கொண்டார்கள்.