1895-இல் தோற்ற ஷெர்மன் சட்டம் 1911-இல் ஜெயித்தது எப்படி?

நண்பரே, அமெரிக்காவின் சர்க்கரைச் சுத்திகரிப்பில் 98 சதவீதத்தைப் பிடித்த நிறுவனம் 1895-இல் தப்பியது, எண்ணெய் நிறுவனமான ஸ்டாண்டர்ட் ஆயில் 1911-இல் உடைக்கப்பட்டது, நடுவில் ஏகபோகத்தைத் தடுக்கும் ஷெர்மன் சட்டத்தைத் திருத்தினார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. 1890-இல் எழுதிய தடைப்பிரிவுகள் அப்படியேதான் இருந்தன. நீதிமன்றம் அவற்றைப் படித்த விதம்தான் மாறியது.

முதலில் 1895-இன் சர்க்கரை வழக்கான இ.சி. நைட் வழக்கைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கன் சுகர் ரிஃபைனிங் கம்பெனி பிலடெல்ஃபியாவில் நான்கு ஆலைகளை வாங்கியது. மத்திய அரசின் அதிகாரம் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தின் மீது மட்டுமே, உற்பத்தி வணிகமாகாது என்று 8-1 எனத் தீர்ப்பு வந்தது. அரசுத் தரப்பு வாதமும் பலவீனம்: ஆலைகளை வாங்கியதைக் காட்டினார்களே தவிர, அதனால் மாநிலம் தாண்டிய விற்பனை முடங்கியதற்குப் போதிய சான்று வைக்கவில்லை.

ரயில் கம்பெனிகளை ஒன்றாகச் சேர்த்த நார்தர்ன் செக்யூரிட்டீஸ் மீதான 1904 வழக்கில் அந்தச் சிக்கலே எழவில்லை. ரயில் போக்குவரத்தே மாநிலம் தாண்டிய வணிகம். அங்கும் அரசு வென்றது 5-4 எனத்தான். முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் 1895-இல் தனியாக மறுத்த நீதிபதி ஹார்லன். இதைக் கட்டாயம் எழுதுங்கள், மாற்றம் பளிச்சென்று தெரியும்.

1911-இல் ஸ்டாண்டர்ட் ஆயில் 34 கம்பெனிகளாகப் பிரிந்தது. ஆனால் வணிகத்தின் மீதான 'நியாயமற்ற' கட்டுப்பாடு மட்டுமே குற்றம் என்றும் நீதிமன்றம் சொன்னது. இந்தத் தெளிவின்மைதான் 1914-இல் ஏகபோகத்துக்கு எதிரான அடுத்த சட்டமான கிளேட்டன் சட்டம் வர ஒரு முக்கியக் காரணம்.

பலர் தவறுவது இங்கே: ஸ்டாண்டர்ட் ஆயில் மீது வழக்குப் போட்டது தியோடர் ரூஸ்வெல்ட் அரசு, 1906-இல். தீர்ப்பு வந்தபோது அதிபர் டாஃப்ட்.