சர்க்கரை உள்ள அம்மாவுக்கு டெங்கு: நிலவேம்பு கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். மூன்று நாளாகக் காய்ச்சல், பரிசோதனையில் டெங்கு என்று வந்துவிட்டது. நிலவேம்புக் குடிநீர் கொடுக்கலாமா? தெரிந்த ஒருவர் நிலவேம்பு கேப்சூல் விற்கிறார். வைரஸைக் கொன்று, எதிர்ப்பு சக்தியைக் கூட்டி, தட்டணுக்களை மளமளவென்று ஏற்றிவிடுமாம்.

பதில்: கேப்சூல்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். டெங்குவில் தட்டணுக்கள் இறங்கும். காய்ச்சல் விட்டபின் பெரும்பாலும் தானாகவே ஏறும். நான்காம் நாள் விற்றவர் எட்டாம் நாள் பேர் வாங்கிக்கொள்ளலாம். இங்கே பாதி வியாபாரம் இப்படித்தான் ஓடுகிறது. சித்த மருந்தானாலும் லேபிளில் உற்பத்தி உரிம எண் இருந்தாக வேண்டும். சட்டம் இருக்கிறது, டப்பாவைத் திருப்பிப் பார்க்கத்தான் ஆளில்லை. மழைக்காலம் வந்தால் புதுப்பெயரில் நாலு டப்பா முளைக்கிறது.

நிலவேம்பின் கசப்புச் சத்தான ஆண்ட்ரோகிராஃபோலைடு, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் டெங்கு வைரஸ் பெருகுவதைக் குறைத்திருக்கிறது. ஆனால் வாய்வழியாகக் குடித்தால் அதில் கொஞ்சம்தான் ரத்தத்தில் சேரும், சேர்ந்ததும் சீக்கிரம் வெளியேறிவிடும். எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்பது அதைவிட மோசமான பேச்சு. டெங்குவில் ரத்தக்குழாய்கள் கசிவதற்கு உடம்பின் எதிர்ப்பு அளவு மீறிப்போவதும் ஒரு காரணம். அதை எதற்குக் கூட்ட வேண்டும்? நிலவேம்பு செய்வதாகத் தெரிவது அழற்சியைத் தணிப்பதுதான்.

சரி, ஒன்பது சரக்கு சேர்ந்த நம் குடிநீர்? மற்றவர்கள் அன்றன்று காய்ச்சி, ஆறுவதற்குள் குடித்துக்கொள்ளட்டும். உங்கள் அம்மாவுக்கு இப்போது வேண்டாம். நிலவேம்புக்கு ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை உண்டு. காய்ச்சலில் சாப்பாடு பாதியாகியிருக்கும், மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே போகும். அதன்மேல் கஷாயமும் சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல் வந்தால் காய்ச்சல் அசதி என்று விட்டுவிடுவீர்கள். வீட்டுக் கருவியில் அடிக்கடி சர்க்கரை பாருங்கள், மாத்திரை அளவை மருத்துவரிடம் இன்றே கேளுங்கள். முகாம்களில் டிரம்மிலிருந்து டம்ளர் டம்ளராக ஊற்றுகிறார்களே, சர்க்கரை உண்டா என்று வரிசையில் எத்தனை பேரிடம் கேட்கிறார்கள்?

அப்புறம், உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் மூன்றும் கூடாது. ரத்தக்கசிவு கூடும். மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும்.

காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிவிடாதீர்கள். ரத்தக்குழாய்கள் கசியத் தொடங்குவது பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான். அடுத்த இரண்டு நாளில் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவு என எது வந்தாலும் நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.