ஜப்பான் மேப்பிளுக்குச் சப்பைத் தண்ணி ஆகாது

கேள்வி: காங்கேயத்துக்குப் பக்கத்தில் தோட்டத்து வீடுங்க. தென்னை, மாடு, கொஞ்சம் கொரங்காடு (மேய்ச்சல் நிலம்). தை மாசக் கடைசியில் ஊட்டிக்குப் போனபோது மகள் ஆசைப்பட்டாள் என்று ஒரு நர்சரியில் சிவப்பு இலை ஜப்பான் மேப்பிள் வாங்கி வந்தோம். வரும்போது இலையே இல்லை, வெறும் குச்சி, மூன்றடி இருக்கும். மாசியில் ரத்தச் சிவப்பாகத் தளிர்த்து அருமையாக இருந்தது. பங்குனியில் இலை ஓரம் கருக ஆரம்பித்து, சித்திரையில் மொத்தமும் சுருண்டு கொட்டிவிட்டது. மொட்டை மாடியில் கருப்பு பிளாஸ்டிக் தொட்டியில் வைத்திருக்கிறோம், காலையும் மாலையும் போர் தண்ணீர்தான். சத்துக் குறைவோ என்று ஒரு பிடி டிஏபி, பஞ்சகவ்யா, தொழு உரம் எல்லாம் கொடுத்தாச்சு. இப்போது அடித்தண்டில் மட்டும் பச்சையாக இரண்டு தளிர் வந்திருக்கிறது. பிழைக்குமா, பிடுங்கிவிடலாமா? தங்கச்சியைக் குன்னூரில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறோம், அங்கே அனுப்பினால் தேறுமா? போட்டோ இரண்டு அனுப்பியிருக்கிறேன்.

பதில்: பிடுங்க வேண்டாமுங்க. அடியில் தளிர் வருகிறதென்றால் வேரில் உயிர் இருக்கிறது. ஆனால் இன்றைக்கே உரம் போடுவதை நிறுத்துங்கள். டிஏபி, பஞ்சகவ்யா, சாணம், கடலைப் புண்ணாக்குக் கரைசல், பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன டானிக் என்று எதுவும் வேண்டாம். பஞ்சகவ்யாவைக் குறை சொல்லவில்லை, கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய சரக்கு, உங்கள் தென்னைக்கும் மஞ்சளுக்கும் தாராளமாகக் கொடுங்கள். இலையே இல்லாத மரம் எதைக் கொண்டு அதைச் சாப்பிடும்? வேர் எடுக்காத சத்தெல்லாம் உப்பாகத் தொட்டியிலேயே தங்கி, இருக்கிற வேரையும் எரிக்கும்.

உங்கள் இரண்டாவது போட்டோவில் தொட்டி விளிம்பைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். மண்ணுக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, சுண்ணாம்பு அடித்த மாதிரி, அதைச் சுரண்டினால் பொடியாக உதிரும். தண்டு மண்ணைத் தொடுகிற இடத்திலும் அதே வெள்ளை வளையம் தெரிகிறது. அது பூஞ்சையில்லை, உங்கள் போர் தண்ணீரில் வந்த உப்பும் சுண்ணாம்பும்தான். தொட்டியில் விடுகிற தண்ணீர் ஆவியாகிப் போகிறது, உப்பு போக வழியில்லாமல் நாளுக்கு நாள் சேருகிறது. வேர் அந்த உப்பையும் சேர்த்து உறிஞ்சி மேலே அனுப்ப, அது தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற இடமான இலை ஓரத்தில் தங்கிவிடும். அதனால்தான் கருகல் ஓரத்திலிருந்து உள்ளே வந்தது. நோயாக இருந்தால் பெரும்பாலும் புள்ளி புள்ளியாக, இங்கொன்றும் அங்கொன்றுமாக வந்திருக்கும், இல்லாவிட்டால் ஒரு கிளை மட்டும் வாடியிருக்கும்.

தென்னை சப்பைத் தண்ணியை, அதாவது உப்புத் தண்ணீரை, தாங்கும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ‘இந்தத் தண்ணியில என்ன குறை’ என்றுதான் தோன்றும். மேப்பிள் அப்படியில்லை. ஜப்பான், கொரியா மலைக்காடுகளில் பெரிய மரங்களின் நிழலில், இலை மக்கிய கொஞ்சம் புளிப்பான மண்ணில், மேலாகவே வேர் பரப்பி வளர்கிற சாதி அது. மண்ணின் கார அமில நிலை 5.5 முதல் 6.5 வரை இருந்தால் அதற்கு நிம்மதி. உங்கள் ஊர் சுக்கான் (சுண்ணாம்புக் கல்) மண்ணும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் அதற்கு நேர் எதிர். (இத்தனைக்கும் அது உங்களுக்கு முழுக்க அந்நியமில்லை. கொரங்காட்டுக் கிளுவை வேலியில் படர்ந்து கிடக்கிற முடக்கத்தானும் பூந்திக்கொட்டை மரமும் மேப்பிளும் ஒரே குடும்பம்தான். குடும்பம் ஒன்றானாலும் குணம் வேறு.)

ஒரு பாட்டில் போர் தண்ணீரை மாவட்ட மண் பரிசோதனை நிலையத்துக்கோ கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கோ கொடுத்துப் பாருங்கள், தென்னைக்கும் அந்தக் கணக்கு உதவும். ஈசி, அதாவது தண்ணீரின் உப்பைக் காட்டுகிற மின்கடத்து திறன், 0.75 டெசிசீமன்ஸ்/மீட்டருக்குள் இருந்தால் தொட்டிச் செடிக்குப் பயமில்லை. 2-க்கு மேலே காட்டுகிற போர்கள் உங்கள் பக்கம் புதிதில்லை. அந்தத் தண்ணீரில் மேப்பிளை எந்த மருந்தாலும் வளர்க்க முடியாது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. முதலில் எதுவரை உயிர் இருக்கிறது என்று பாருங்கள். உச்சிக் குச்சியில் தொடங்கி, கட்டைவிரல் நகத்தால் பட்டையை ஒரு எள்ளளவு கீறுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக, நகத்தில் லேசாக ஒட்டினால் உயிர். வைக்கோல் நிறத்தில் காய்ந்து உதிர்ந்தால் அது போய்விட்டது, ஒரு சாண் இறங்கி மறுபடி கீறுங்கள். பச்சை தெரிகிற இடத்தில் எதிரெதிராக இரண்டு மொட்டு இருக்கும், அதற்குச் சற்று மேலே கூர்மையான கத்தரியால் வெட்டுங்கள். வெட்டிய முகத்தையும் பாருங்கள். மரத்துக்குள்ளே கரும்பச்சை அல்லது பழுப்புக் கோடு, வளையம் மாதிரி ஓடியிருந்தால் அது மண்ணிலிருந்து வருகிற வாடல் பூஞ்சை, அதற்கு மருந்து கிடையாது, மரத்தை எரித்துவிட்டு அந்த மண்ணைக் கத்தரி, தக்காளிப் பக்கம் கொட்டாமல் இருக்க வேண்டும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அதற்கு வாய்ப்புக் குறைவு என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்து அந்த அடித்தளிர். சிவப்பு இலை ரகங்கள் பெரும்பாலும் ஒட்டுச் செடிகள், உங்கள் மாமரம் மாதிரியே. தண்டின் அடியில் முடிச்சு மாதிரி ஒரு தடிப்பு இருக்கும், தளிர் அதற்கு மேலேயா கீழேயா என்று பாருங்கள். கீழே என்றால் அது வேர்ச்செடியின் சொந்தத் தளிர், சிவப்பாக மாறாது. மாங்கன்றில் அதை உடனே கிள்ளிவிடுவோம். இங்கே அவசரப்படாதீர்கள். மேலே நகத்தால் கீறியதில் பச்சை தெரிந்து மொட்டும் உப்பியிருந்தால் கிள்ளுங்கள். மேலே எல்லாம் செத்திருந்தால் அந்தப் பச்சைத் தளிர்தான் வேருக்குச் சோறு போடுகிறது, அதையும் கிள்ளினால் மொத்தமும் போகும். பச்சை மேப்பிளாக வளர்ந்துவிட்டுப் போகட்டும், வெயில் தாங்குவதில் அது சிவப்பைவிடக் கொஞ்சம் கெட்டி.

அப்புறம் தொட்டி. அதை இன்றைக்கே மாடியிலிருந்து இறக்குங்கள். கருப்புத் தொட்டி தளத்தின் மேல் நின்று மேற்கு வெயில் வாங்கினால் உள்மண் 40 டிகிரியைத் தாண்டும், ஓரத்து வேர் வெந்துவிடும். நீங்கள் இரண்டு வேளை தண்ணீர் விட்டும் இலை காய்ந்ததற்கு அது பாதிக் காரணம். வீட்டின் கிழக்குப் பக்கம் வையுங்கள். காலை வெயில் மட்டும் படும், உச்சிக்குமேல் நிழல். இனி ஆனி, ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும்போதும் வீடே தடுப்பாக நிற்கும். உங்கள் பக்கம் அந்தக் காற்றில் மழை இருக்காது, வறட்டுக் காற்று. இளந்தளிருக்கு வெயிலைவிட அதுதான் எமன். கிழக்கில் இடமில்லை என்றால் வேப்ப மரத்தடியில் 50 சதவீத நிழல்வலை கட்டிக்கொள்ளுங்கள். தென்னை மரத்தடி வேண்டாம், மட்டை விழுந்தால் கதை முடிந்தது.

இறக்கியதும் தொட்டியைக் கழுவ வேண்டும், அதாவது உள்ளே இருக்கிற உப்பை. மேலே படிந்த வெள்ளையோடு ஒரு அங்குல மண்ணைச் சுரண்டி எறியுங்கள், டிஏபி குருணை இன்னும் கிடந்தால் அதுவும் போகட்டும். பிறகு தொட்டி கொள்ளளவுக்கு இரண்டு, மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் வழிய விடுங்கள். பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு மூன்று குடம் போதும். தண்ணீர் மேலேயே குளம் கட்டி நின்றாலோ, அடியில் வருவது சேற்று நாற்றம் அடித்தாலோ அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம், வேரைப் பார்த்தே ஆக வேண்டும். தொட்டியைச் சாய்த்து மண்கட்டி உடையாமல் உருவுங்கள். வெளுப்பாகவோ இளம்பழுப்பாகவோ இருந்து, இழுத்தால் கையில் கெட்டியாக நிற்பது நல்ல வேர். கருத்துக் குழகுழவென்று, இழுத்தால் தோல் மட்டும் கழன்று வருவது அழுகியது, அதை மட்டும் வெட்டுங்கள். மண்ணை முழுக்க உதறிக் கழுவி மாற்றுகிற வேலை இந்த வெயிலில் கூடாது, அது மரம் தூங்குகிற பனிக்காலத்தில் செய்ய வேண்டியது. அழுகல் இருந்தால் காப்பர் ஆக்சி குளோரைடு என்கிற தாமிரப் பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து ஒரு தடவை வேரில் ஊற்றுங்கள். ட்ரைகோடெர்மா விரிடி (வேரைக் காக்கிற நல்ல பூஞ்சை) கையில் இருந்தால் அதோடு சேர்த்துவிடாதீர்கள், தாமிரம் அதைக் கொன்றுவிடும். இரண்டு வாரம் கழித்துக் கொடுக்கலாம்.

திரும்ப வைக்க இரண்டு அங்குலம் பெரிய மண் தொட்டி எடுத்துக்கொண்டு, சுற்றிலும் வருகிற இடைவெளியை மட்டும் புதுக்கலவையால் நிரப்புங்கள். செங்கல்லை உடைத்துத் தூள் சலித்த பட்டாணி அளவு ஜல்லி இரண்டு பங்கு, நன்றாக மக்கிய இலை ஒரு பங்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. பொள்ளாச்சிப் பக்கத்துப் பித்து (அந்த நார்க்கழிவுதான்) கட்டியாக விற்கிறதே, அதையே வாங்கலாம். ஆனால் ‘கழுவியது, ஈசி குறைந்தது’ என்று கேட்டு வாங்குங்கள், கழுவாத பித்தே உப்புச் சரக்கு. உங்கள் தோப்பில் கிடக்கிற மட்டைத் தூளுக்கும் அதே கதைதான். பழைய வீடு இடித்த செங்கல்லில் காரை ஒட்டியிருக்கும், அது சுண்ணாம்பு, வேண்டாம். எம்சாண்டும் வேண்டாம், அதன் மாவு இறுகிப் பூசின மாதிரி ஆகிவிடும். மேலே இரண்டு அங்குலம் கரும்புச் சோகையோ காய்ந்த இலையோ பரப்பி, தண்டை ஒட்டாமல் விலக்கி விடுங்கள்.

இனித் தண்ணீர். பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனம்) வாய்க்காலில் உங்கள் மண்டலத்துக்குத் தண்ணீர் வரும்போது பேரலில் பிடித்து மூடி வைத்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீர் அதைவிட நல்லது. ஏசி இருந்தால் அதிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பே கிடையாது, ஒரு தொட்டிக்குத் தாராளமாகப் போதும். ஆர்ஓ மெஷினின் குடிக்கிற தண்ணீர் சரி, வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீர் போரைவிட மோசம், நிறையப் பேர் அதைத்தான் வீணாக்க மனசில்லாமல் செடிக்கு விடுகிறார்கள். எத்தனை வேளை என்று கணக்கு வைக்காதீர்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் விட வேண்டாம். இலை இல்லாத மரம் அதிகம் குடிக்காது. புதுத்தளிர் வந்து இரண்டு சுற்று இலை முற்றிய பிறகு ஒரு கைப்பிடி மண்புழு உரம், அவ்வளவுதான். தளிர் வந்ததும் சிவப்புச் சிலந்தி வரலாம், இலையின் அடிப்பக்கம் நல்ல தண்ணீரைப் பீய்ச்சினாலே அடங்கும்.

இவ்வளவும் செய்தால் ஆவணி, புரட்டாசிக்குள் மறுபடி இலை பார்க்கலாம். ஆனால் காங்கேயத்திலேயே வைத்து வருஷா வருஷம் வளர்க்கலாமா என்றால், முடியாது என்பதுதான் என் பதில். மாசியில் அத்தனை அழகாகத் தளிர்த்ததே, அது ஊட்டிக் குளிரில் மார்கழி, தை முழுக்கத் தூங்கி எழுந்ததன் பலன். மேப்பிள் மொட்டு ஒழுங்காக விரிய, கிட்டத்தட்ட 7 டிகிரிக்குக் கீழே பல வாரம் கிடக்க வேண்டும். உங்கள் ஊரில் மார்கழி ராத்திரியில்கூட அந்தப் பக்கமே போகாது. தூக்கம் இல்லாத மரம் அடுத்த வருஷம் ஒரு கிளையில் தளிர்க்கும், ஒன்றில் தளிர்க்காது, சேர்த்து வைத்த சத்தைத் தின்றே இரண்டொரு வருஷம் ஓட்டிவிட்டுப் போய்விடும். விற்கும்போது இதைச் சொல்ல வேண்டியது நர்சரிக்காரர்களின் வேலை, யாரும் சொல்வதில்லை.

அதனால் குன்னூர் யோசனை நல்ல யோசனை, தாராளமாகச் செய்யுங்கள். சுமார் 1,850 மீட்டர் உயரம். ஊட்டி அளவு உறைபனி இல்லாவிட்டாலும் மரம் இலை உதிர்த்து ஓய்வெடுக்கிற குளிர் கிடைக்கும். மகளுக்கு வீட்டிலேயே சிவப்பு இலை வேண்டுமென்றால் தோட்டத்து ஓரத்தில் ஒரு கும்பாதிரி வையுங்கள், பூவம் என்றும் சொல்வார்கள். அதுவும் இதே குடும்பம், கோடை பிறக்கும்போது புதுத்தளிர் முழுக்கச் சிவப்பாக நிற்கும், வெயிலுக்கும் அசையாது. மெதுவாகத்தான் வளரும், பொறுமை வேண்டும்.

மேப்பிளை இப்போதே தூக்கிக்கொண்டு மலை ஏறாதீர்கள். வேர் பிடித்து இலை முற்றட்டும், புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ கொண்டுபோனால் குளிர் படிப்படியாக வருவதற்குப் பழகிக்கொள்ளும். திறந்த வண்டியில் ஏற்றினால் காற்றிலேயே இலை கிழிந்துவிடும், காரின் பின்சீட்டில் சாய்த்து வைத்து, தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டி, விடிகாலையில் கிளம்புங்கள். அங்கே முதல் பதினைந்து நாள் தாழ்வாரத்திலேயே இருக்கட்டும். தங்கச்சியிடம் உரம் எதுவும் வைக்க வேண்டாம் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.